கதவைத் திறந்தவர் யார்?

அமெரிக்காவின் பிரதாபம் பேசுகிறவர்கள் ஒரு பெண்மணியின் பெயரை அடிக்கடி இழுத்து வருவார்கள். மரியன் ஆண்டர்சன் என்பது அந்தப் பெயர். "துணி வெளுத்துப் பிழைத்த ஒரு கறுப்புத் தாயின் மகள், உலகப் புகழ் பெற்ற ஆப்பெரா மேடையில் ஏறிப் பாடினாள். எங்கள் நாட்டில் திறமை இருந்தால் போதும், கதவு தானாகத் திறக்கும்!" இதுதான் அவர்கள் சொல்லும் கதை. பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்தில் இதே கதை. 2005-ம் ஆண்டு அவர் படம் போட்டுத் தபால் தலையே வெளியிட்டார்கள்.

அந்த அம்மையாரின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அவர் குரலைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வாயும் இல்லை, தகுதியும் இல்லை. "தானாகத் திறக்கும்" என்கிறார்களே, அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக் கேட்கிறோம். எப்போது திறந்தது? திறந்தவர் யார்? அதுவரை அதைச் சாத்தி வைத்திருந்தவர் யார்?

முதல் கேள்விக்குப் பதில் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1955 ஜனவரி 7. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா. வெர்டி என்ற இத்தாலியர் இயற்றிய 'முகமூடி நடனம்' என்ற ஆப்பெராவில் உல்ரிகா என்ற குறிசொல்லும் பெண்ணாக மரியன் ஆண்டர்சன் மேடையில் நின்றார். திரை விலகியதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே கைதட்டல் இடித்தது. அந்த அரங்கம் திறந்தது 1883-ல். எழுபத்திரண்டு ஆண்டுகளில் அங்கே முக்கியப் பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பர் அவர்தான்.

அன்று அவருக்கு வயது என்ன? 1897 பிப்ரவரி 27-ல் பிறந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. ஐம்பத்தேழு முடிந்து ஐம்பத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தார்! அப்போது உலகத்துக்கு இது தெரியாது. அவர் தம் வயதில் ஐந்தாறு ஆண்டுகளைக் குறைத்தே சொல்லி வந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆலை மஸ்டர் ரோலில் பெயர் நிற்க வேண்டுமே என்று வயதைக் குறைத்துச் சொன்ன தோழர்களை நாம் அறிவோம். உடம்பை விற்றுப் பிழைக்கிற தொழில் எதுவானாலும் வயதுக்குப் பயம் உண்டு.

பாட்டும் உடம்பால் செய்கிற உழைப்புத்தான். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆப்பெரா என்பது முழுக்க முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற நாடகம். அரசனும் பாடுவான், வேலைக்காரியும் பாடுவாள். கோபமும் பாட்டு, சாவும் பாட்டு. மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் ஒரு பட்டாளம் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை வாத்தியச் சத்தத்தையும் தாண்டி, மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாடகியின் குரல் எட்ட வேண்டும். அதற்கு நெஞ்சு வேண்டும், மூச்சு வேண்டும், அடிவயிற்றில் பலம் வேண்டும். நாற்று நடுகிற பெண்ணுக்கு இடுப்பு எப்படியோ, நூல் முடிகிற தோழருக்கு விரல் எப்படியோ, அப்படித்தான் பாடகிக்குத் தொண்டை. அது நல்ல நிலையில் இருக்கிற காலம் இவ்வளவுதான் என்று உண்டு. அந்தக் காலம் போனால் எந்தக் கைதட்டலும் அதைத் திருப்பித் தராது.

மரியன் ஆண்டர்சனுக்கு வாய்த்தது கான்ட்ரால்டோ என்னும் வகை. பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த சுருதி, அபூர்வமானது. 1935-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் அவர் பாடக் கேட்ட டாஸ்கனினி, நூறு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிற குரல் என்று சொன்னார். அன்றைய உலகத்தில் வாத்தியக் குழு நடத்துகிறவர்களில் தலைசிறந்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். அதைச் சொன்னபோது மரியனுக்கு வயது 38. மெட்ரோபாலிட்டன் கதவு திறக்க அதற்கப்புறம் இருபது ஆண்டு ஆயிற்று. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற குரல்! அதை இருபது ஆண்டு வாசலில் நிறுத்தி வைத்தார்கள் அந்தக் கனதனவான்கள்.

சரி, அந்தக் குரலை வளர்த்தது யார்? அமெரிக்க சர்க்காரா? ஆப்பெரா அரங்கத்தின் பெட்டி இருக்கைகளில் வைரம் மின்ன உட்கார்ந்திருந்த சீமாட்டிகளா?

பிலடெல்பியா நகரத்தின் தெற்குப் பகுதி. தகப்பனார் ஜான் ஆண்டர்சன், ரெடிங் டெர்மினல் என்ற இடத்தில் ஐஸ் கட்டியும் நிலக்கரியும் விற்ற உழைப்பாளி. தாயார் அன்னா, வர்ஜீனியாவில் பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்தவர். பிலடெல்பியாவுக்கு வந்ததும், பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு ஆசிரியை வேலை மறுக்கப்பட்டது. வெள்ளைக்கார ஆசிரியைகளிடம் அந்த விதியைக் காட்டவில்லை. தகப்பனார் வேலை செய்கிற இடத்தில் தலையில் அடிபட்டார். அதற்குப் பின் அதிக நாள் இருக்கவில்லை. 1910-ல் போய்விட்டார். மூன்று பெண் குழந்தைகள். மூத்தவள் மரியனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தந்த தாய், பிறர் வீட்டுத் துணி வெளுத்தார். வானமேக்கர் என்ற பெரிய கடையில் தரை துடைத்தார்.

அந்தச் சிறுமி ஒரு பழைய வயலினை வாங்க, அக்கம்பக்கத்து வீட்டு வாசற்படிகளைத் தேய்த்துக் கழுவிக் காசு சேர்த்தாள். நான்கு டாலர்கூட இல்லை அதன் விலை. ஆறு வயதிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினாள். அந்தக் கோயிலுக்கு வந்த ஏழைக் கறுப்பு மக்கள்தான், வீட்டு வேலை செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சமையல் செய்கிறவர்கள், காசு காசாகப் போட்டு, இந்தப் பெண்ணின் எதிர்காலத்துக்கென்றே ஒரு நிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில்தான் அவளுக்கு முறையான சங்கீதப் படிப்புக் கிடைத்தது.

படிப்புக்காக ஒரு சங்கீதப் பள்ளிக்கும் போனாள். விண்ணப்பத் தாள் வாங்க வரிசையில் நின்றாள். முறை வந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இவளைத் தாண்டிப் பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் போன பிறகு, கறுப்பர்களை இங்கே சேர்ப்பதில்லை என்று ஒரு வார்த்தை. குரலைக் கேட்டார்களா? இல்லை. ஒரு ஸ்வரம்கூடக் கேட்கவில்லை! திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கும் என்கிற மகான்கள் இந்த ஜன்னலைப் பற்றி வாய் திறக்கட்டும்.

குடும்பத்தைத் தாங்கப் பாடிக்கொண்டே படித்ததில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவே 1921 ஆகிவிட்டது. வயது 24. பிற்காலத்தில் அரசர்களும் ஜனாதிபதிகளும் கைகுலுக்கிய அந்த அம்மையார், தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான தருணங்களில் ஒன்று என்று எதைச் சொன்னார் தெரியுமா? கடைக்கு டெலிபோன் செய்து, இனிமேல் என் தாயார் வேலைக்கு வரமாட்டார் என்று மேலாளரிடம் சொன்ன நாளை! இதைப் படிக்கிற நம் ஆலைத் தோழர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1925-ல் நியூயார்க் நகரத்தில் நடந்த ஒரு பெரிய போட்டியில் ஏறக்குறைய முந்நூறு பேரை வென்று முதலாவதாக வந்தார். வாத்தியக் குழுவோடு பாடினார், பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழ்ந்ததோடு சரி. அமெரிக்காவில் கறுப்பர்களின் கல்லூரிகளும் கோயில்களும் அழைத்தன. மற்ற மேடைகள் பெரும்பாலும் மௌனம் சாதித்தன. தென் மாநிலங்களுக்குப் பாடப் போனால் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய அழுக்கு ரயில் பெட்டி. கடைசியில் பிழைப்பையும் படிப்பையும் தேடி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்.

1930 முதல் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் என்று ஊர் ஊராகப் பாடினார். பின்லாந்தின் மகா இசைஞர் சிபீலியஸ் தம் வீட்டுக்கு அழைத்தார். இதற்காக ஐரோப்பா முழுதும் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. டாஸ்கனினி புகழ்ந்த அதே சால்ஸ்பர்க்கில், விழாக்காரர்கள் தங்கள் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரைச் சேர்க்க மறுத்தார்கள்; அவர் தனியாகத்தான் பாடினார்.

1930-களின் நடுவில் சோவியத் நாட்டிலும் பாடினார். லெனின்கிராட், மாஸ்கோ, இன்னும் பல ஊர்கள். மாஸ்கோவில் அவரைத் தேடி வந்தவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. நாடகக் கலையில் நடிப்புக்கு இலக்கணம் வகுத்த ஆசான் என்று உலகம் ஒப்புக்கொண்ட கிழவர். அவர் மரியனிடம் சொன்னது என்ன? இங்கே இருங்கள், 'கார்மென்' ஆப்பெராவை என்னோடு பயிலுங்கள் என்றார். கார்மென் யார்? ஸ்பெயின் நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். ஆப்பெரா உலகத்தில் பெண்குரலுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய பாத்திரங்களில் ஒன்று. பிறந்த நாட்டில் ஒரு வேலைக்காரி வேஷத்துக்குக்கூட அழைக்காத நேரத்தில், அயல் நாட்டுக் கிழவர் ஒருவர் கதாநாயகி வேஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒப்பந்தம் செய்த கச்சேரிகள் காத்திருந்ததால் மரியன் தங்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று புறப்பட்டுவிட்டார். 1938-ல் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி காலமானார். அந்தச் சந்தர்ப்பத்தை விட்டதற்காக அவர் பின்னாளில் வருந்தி எழுதினார்.

1935 டிசம்பரில் நாடு திரும்பினார். கப்பலில் விழுந்து கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட காலை நீண்ட அங்கிக்குள் மறைத்துக்கொண்டு நியூயார்க் டவுன் ஹாலில் நின்றே பாடினார். அதற்குப் பின் புகழுக்குக் குறைவில்லை. ஆண்டுக்கு எழுபது கச்சேரி வரை. ஆனால் கச்சேரி முடிந்தால் படுக்க இடம் கிடையாது. 1937-ல் பிரின்ஸ்டன் நகரில் விடுதிக்காரர்கள் அறை தர மறுத்தபோது, தம் வீட்டுக் கதவைத் திறந்து அழைத்துப் போனவர் விஞ்ஞானி ஐன்ஸ்டைன். ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்த யூதர் அவர். கதவு சாத்தப்படுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

இப்போது 1939-க்கு வருவோம்.

தலைநகர் வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் என்ற மண்டபம். ஏறக்குறைய நாலாயிரம் பேர் உட்காரலாம். அதன் சொந்தக்காரர்கள் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற சங்கம். பெயரைப் பாருங்கள்! பிரிட்டிஷ் ஆதிக்கத்தை எதிர்த்து 18-ம் நூற்றாண்டில் போராடியவர்களின் வம்சத்தில் வந்த சீமாட்டிகளாம். பாட்டன் புரட்சி செய்தான். பேத்தி வாசலில் பூட்டுப் போட்டாள். ஹோவர்ட் பல்கலைக் கழகம் மரியனின் கச்சேரிக்காக அந்த மண்டபத்தைக் கேட்டது. ஏப்ரல் 9-ந் தேதி ஏற்கெனவே வேறொருவருக்குப் பதிவாகிவிட்டது என்று பதில் வந்தது. வேறு தேதி கேட்டார்கள். அதுவும் இல்லை. மண்டபத்து ஒப்பந்தத் தாளில் வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள் என்ற உண்மை பின்னால் அம்பலமாயிற்று.

தேதி இல்லை என்ற இந்தச் சாக்கை நம் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல வெட்கப்படுகிற ஆதிக்கக்காரன் எப்போதும் ஒரு விதியை எடுத்து முன்னால் வைப்பான். ஒரு ரிஜிஸ்தரைத் திறந்து காட்டுவான். தாயாருக்குப் பட்டம் இல்லை என்றது ஒரு ரிஜிஸ்தர். மகளுக்குத் தேதி இல்லை என்றது இன்னொன்று.

மண்டபம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக் கொட்டகையாவது தாருங்கள் என்று நகரக் கல்வி போர்டைக் கேட்டார்கள். வெள்ளையர் பள்ளி என்று போர்டும் மறுத்தது. இங்கேதான் புத்தகக் கதை ஒரு தாவு தாவுகிறது. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அந்தச் சங்கத்திலிருந்து ராஜினாமா செய்தார். உடனே எல்லாம் சரியாயிற்று என்று முடித்து விடுகிறார்கள். ராஜினாமா செய்தது மெய். நல்ல காரியம், துணிவான காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் தெருவில் நின்றவர்கள் எங்கே போனார்கள்? வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் பிரஜைகள் கமிட்டி அமைந்தது. ஆசிரியர்கள் திரண்டார்கள், பொதுக்கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கல்வி போர்டு வாசலில் மறியல் செய்தார்கள். கறுப்பு மக்களின் முன்னேற்றச் சங்கத்தின் வால்டர் ஒயிட், மந்திரி இக்ஸ் வரை பேசினார். இத்தனை சூடும் சேர்ந்துதான் சர்க்காரை அசைத்தது. ராஜினாமாக் கடிதம் ஒன்று போதும் என்றால் மறியல் எதற்கு?

1939 ஏப்ரல் 9. ஈஸ்டர் ஞாயிறு. குளிர்காற்று. கறுப்பு அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட லிங்கனின் நினைவாலயத்துப் படிக்கட்டே மேடையாயிற்று. 1922-ல் இதே நினைவாலயத்தைத் திறந்து வைத்த நாளில், கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி உட்கார வைத்தார்கள். இப்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து 75,000 பேர் நின்றார்கள். வானொலியில் லட்சோபலட்சம் பேர் கேட்டார்கள். நாலாயிரம் பேர் மண்டபத்தைக் கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும்! தேசத்தைப் பாடும் பாட்டு, பிறகு டோனிசெட்டி இயற்றிய ஆப்பெரா ஒன்றிலிருந்து ஒரு பெரும் பாட்டு, ஷூபெர்ட்டின் பிரார்த்தனைப் பாட்டு, அதன் பின் தம் முன்னோர் அடிமைகளாய்ப் பருத்திக் காட்டில் பாடிய பக்திப் பாட்டுகள். இதுதான் அன்றைய வரிசை. ஆப்பெரா அரங்கம் உள்ளே விடாத பெண் ஆப்பெராப் பாட்டை ஆகாயத்தின் கீழே பாடினாள்.

அன்று வாஷிங்டனில் அவர் எங்கே தங்கினார்? முன்னாள் கவர்னர் பிஞ்சோவின் வீட்டில். ஏன்? தலைநகரத்து ஓட்டல்கள் இடம் தரவில்லை. 75,000 பேர் கேட்ட குரலுக்கு ஒரு கட்டில் கிடையாது.

மரியன் ஆண்டர்சன் சண்டைக்காரி அல்லர். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோஷம் போடுகிற சுபாவம் அவருக்கு இல்லை. தம்மைப் பற்றிப் பேசும்போதுகூட 'நான்' என்று சொல்லக் கூசுவார். பிரிவினைக் கொட்டகைகளில் மேலும் கீழுமாய்ப் பிரிக்காமல் எல்லா விலை இருக்கைகளிலும் கறுப்பர்களுக்கு இடம் தந்தால் போதும் என்று பல ஆண்டு சமரசமாகவே பாடி வந்தார். 1951-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் கறுப்பு மக்களே அவருடைய கச்சேரியைப் பகிஷ்கரித்தார்கள். சொந்த ஜனங்கள் வராத காலி இருக்கை சொன்ன செய்தியை அவர் புரிந்துகொண்டார். அதன் பின் பிரித்து உட்கார வைக்கிற எந்தக் கொட்டகையிலும் பாடுவதில்லை என்ற நிபந்தனையில் உறுதியாக நின்றார். தலைவர்களை ஜனங்கள் திருத்துவது போலக் கலைஞர்களையும் ஜனங்கள் திருத்துவார்கள். திருந்தியதில் அவருக்குக் குறைவில்லை, பெருமைதான்.

மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவோ அதுவரை அசையவில்லை. அந்த அரங்கத்தின் அழகைக் கொஞ்சம் பார்ப்போம். 'அயிதா' என்ற ஆப்பெராவின் நாயகி எத்தியோப்பியா நாட்டு இளவரசி; கறுப்புப் பெண். அந்த வேஷத்தைக் கட்ட வெள்ளைக்காரிகள் முகத்தில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு வருவார்கள். 1933-ல் 'ஜோன்ஸ் சக்ரவர்த்தி' என்ற ஆப்பெராவைப் போட்டார்கள். கதாநாயகன் கறுப்பன். வேஷம் கட்டியவர் லாரன்ஸ் டிபெட் என்ற வெள்ளைக்காரப் பாடகர், மை பூசிய முகத்தோடு! நல்ல பாடகர்தான், அவர் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் அதே ஆண்டு அதே கதை திரைப்படமாக வந்தபோது அந்தப் பாத்திரத்தில் நடித்துப் பாடியவர் பால் ராப்சன். அவர் குரல் பக்கத்துத் தெருச் சினிமாக் கொட்டகையில் ஒலித்தது. ஆப்பெரா மேடையில் மை போதுமாயிருந்தது. கறுப்பு நிறம் மேடைக்கு வேண்டும், கறுப்பு மனிதர் வேண்டாம்!

இதற்கு அவர்களுடைய வக்கீல்கள் ஒரு சப்பைக்கட்டு வைத்திருக்கிறார்கள். மரியன் கச்சேரி பாடகி, நாடக மேடைப் பழக்கம் இல்லாதவர், அதனால்தான் அழைக்கவில்லை என்பார்கள். பழக்கம் எங்கிருந்து வரும்? தண்ணீருக்குள் இறங்க விடாதவன், நீந்தத் தெரியாது என்று குற்றம் சாட்டுவதா? இன்னொன்றும் கேட்கிறோம். அதே நியூயார்க்கில் சிட்டி ஆப்பெரா என்ற சிறிய கம்பெனி 1945-ல் டாட் டங்கனையும் 1946-ல் கமில்லா வில்லியம்ஸையும் மேடை ஏற்றியது. இருவரும் கறுப்பர்கள். வானம் இடிந்து விழவில்லை. சிறிய கம்பெனிக்கு முடிந்தது பெரிய அரங்கத்துக்கு இன்னும் ஒன்பது பத்து ஆண்டு முடியாமல் போனது ஏன்?

1950-ல் ருடால்ப் பிங் என்பவர் அங்கே மேலாளராக வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், துணிந்து முதலில் ஒரு கறுப்பு நாட்டியக்காரியைச் சேர்த்தார், 1954-ல் மரியனை அழைத்தார். அவருக்கு உரிய நன்றியைக் கொடுத்து விடுவோம். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள். 1954 மே மாதத்தில்தான் பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பும் யாரோ தூக்கத்தில் கண்ட கனவல்ல. கறுப்புப் பெற்றோர்கள் ஊர் ஊராக வழக்குப் போட்டு, வேலை இழந்து, அடிபட்டு வாங்கியது. அந்த வழக்குகளுக்கு வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? 1939-ல் மரியனுக்காகக் கமிட்டி நடத்திய அதே சார்லஸ் ஹூஸ்டன். தீர்ப்பைக் காண அவர் இல்லை, 1950-லேயே இறந்துவிட்டார்.

கொடுத்த வேஷத்தையும் பாருங்கள். உல்ரிகா ஒரே ஒரு காட்சியில் வருகிற சூனியக்காரி. அவளை நாடு கடத்த வேண்டும் என்று நாடகத்தில் ஒரு நீதிபதி கேட்பான். அசல் நூலில் அவன் வாயில், கறுப்பர்களின் அசுத்த ரத்தம் என்றே ஒரு வசவு இருக்கிறது. எழுபத்திரண்டு ஆண்டு காக்க வைத்து முதல் கறுப்புப் பாடகிக்குக் கொடுத்த வேஷம் இது. அந்த அரங்கில் அவர் பாடிய ஒரே வேஷமும் இதுதான்.

அந்த இரவில் தொடக்கத்தில் அவர் குரல் நடுங்கியது. அவரே எழுதியிருக்கிறார். பிறகு நிலைத்து நின்று பாடினார். தரை துடைத்த தாயார் அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தாய்க்காக நாமும் கைதட்டுகிறோம். ஆனால் மறுநாள், தங்கள் தாராளத்தைத் தாங்களே மெச்சிக்கொண்ட கூட்டத்தோடு சேர்ந்து தட்ட மாட்டோம். பத்து ஆண்டுக் கூலியைப் பிடித்து வைத்திருந்த முதலாளி, கிழவனான தொழிலாளிக்கு ஒரு நாள் விருந்து வைத்தால் அதற்குப் பெயர் தாராளமா?

இரண்டே ஆண்டில் இந்தக் கைதட்டலை வாஷிங்டன் விற்பனைக்கு அனுப்பியது. 1957-ல் அமெரிக்க வெளிநாட்டு இலாகா மரியனை ஆசியா முழுவதும் நல்லெண்ணத் தூதராக அனுப்பியது. பன்னிரண்டு வாரம், 35,000 மைல், இந்தியா உட்பட. கூடவே படம் பிடிக்கிறவர்கள். எங்கள் நாட்டில் நிற வேற்றுமை இல்லை என்று ஆசிய மக்கள் காதில் பூச் சுற்ற ஒரு கறுப்புக் குரல் தேவைப்பட்டது. பாவம், அந்த அம்மையார் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அந்தச் செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. கவர்னர் பாபஸ் பட்டாளத்தை நிறுத்தி மறித்தார். வெறிக் கூட்டம் காறித் துப்பியது. கடைசியில் ஜனாதிபதி மத்தியப் படையை இறக்க வேண்டியதாயிற்று. போகிற இடமெல்லாம் மரியனை ஜனங்கள் அதைத்தான் கேட்டார்கள். பாட்டை ரசித்தார்கள், பூவைக் காதில் வாங்கவில்லை.

அதே 1957-ல் அதே வெளிநாட்டு இலாகா பால் ராப்சனை என்ன செய்துகொண்டிருந்தது? கறுப்பர் உரிமைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் உலக சமாதானத்துக்கும் பேசிய குற்றத்துக்காக 1950-லேயே அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்திருந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் அவரைத் தங்கள் விழாவுக்கு அழைத்தார்கள். போக முடியாத ராப்சன், 1957 அக்டோபரில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் ஓடிய டெலிபோன் கம்பி வழியாக அவர்களுக்குப் பாடினார். சுரங்கத் தோழர்கள் திரும்பிப் பாடினார்கள். சுப்ரீம் கோர்ட் தலையிட்டு 1958-ல்தான் பாஸ்போர்ட் திரும்பியது. ஒரே இலாகா. ஒரு கறுப்புப் பாடகிக்குக் கப்பலும் விமானமும். ஒரு கறுப்புப் பாடகருக்கு வீட்டுக் காவல் மாதிரி நாட்டுக் காவல். வித்தியாசம் குரலில் இல்லை. இதற்காக மரியனை நாம் குற்றம் சொல்லவில்லை. 1963 ஆகஸ்டு 28-ல் வேலைக்கும் விடுதலைக்குமாக இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் திரண்டபோது, அதே லிங்கன் படிக்கட்டில் அறுபத்தாறு வயதில் வந்து நின்று பாடியவர் அவர்.

அவர் நுழைந்த இருபதாம் நாள், 1955 ஜனவரி 27-ல், ராபர்ட் மெக்பெரின் என்ற கறுப்புப் பாடகர் அதே மெட்ரோபாலிட்டன் மேடையில் ஏறினார். 1961-ல் லியான்டின் பிரைஸ். மிசிசிப்பியில் மர அறுப்பு ஆலைத் தொழிலாளியின் மகள். அவருக்கு அன்று 33 வயது. குரல் முழு வீச்சில் இருக்கும்போதே உள்ளே போனவர். முதல் இரவிலேயே நாற்பது நிமிடத்துக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை. நாயகி வேஷங்கள் அவரைத் தேடி வந்தன. மரியனுக்கு முப்பத்து மூன்று வயது 1930-ல். அந்த ஆண்டு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெர்லினில் இடம் தேடிக்கொண்டிருந்தார். கருஞ்சாயம் பூசுகிற வழக்கத்தை மெட்ரோபாலிட்டன் அரங்கம் 'ஒதெல்லோ' ஆப்பெராவில் கைவிட்டது எப்போது என்று கேட்டால் சிரிப்பீர்கள். 2015-ல்!

1964-ல் மரியன் ஆண்டர்சன் விடைபெறும் சுற்றுப் பயணம் கிளம்பினார். முதல் கச்சேரிக்கு அவர் போன இடம் அந்தப் பழைய கான்ஸ்டிடியூஷன் ஹால். 1965 ஏப்ரலில், ஈஸ்டர் நாளில் நியூயார்க்கில் முடித்தார். 1993 ஏப்ரல் 8-ல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார்.

இசைத்தட்டுகள் இருக்கின்றன. 1939-ல் பிலடெல்பியா வாத்தியக் குழுவோடு பிராம்ஸ் இயற்றிய ஒரு பெரும் பாட்டைப் பாடியிருக்கிறார்; கிணற்று ஆழத்திலிருந்து எழும்பி வருகிற குரல், ஒரு பிசிறு இல்லை. 1955-ல் உல்ரிகாவாகப் பாடியதும் தட்டில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், சங்கீத ஞானமே இல்லாத நம் காதுக்கும் இடையில் போன பதினாறு ஆண்டு கேட்கிறது. கார்மெனாக அவர் பாடிய தட்டு எதுவும் இல்லை.